பட்டை பொருத்தி ஐந்து வாரங்கள்: பந்தியில் எப்படி உட்காருவது?

அடையாற்றங்கரை | மே 5, இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. கடந்த மார்ச் 31 அன்று நகரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில், எடையைக் குறைப்பதற்காக, லேப்ராஸ்கோபி (சிறு துளைகள் வழியான அறுவை) முறையில் இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிப் பட்டை பொருத்திக்கொண்டேன். (பேண்ட் என்று எழுதினால் கால்சட்டைக் கதையாகிவிடும் என்பதால் பட்டை என்றே எழுதுகிறேன். கால்சட்டையும் தளர்ந்திருக்கிறது என்பது தனிச் செய்தி.) அறுவைக்கு முன் 108 கிலோ, இன்று காலை 99.4. முதல் இரண்டு வாரம் வடிகட்டிய கஞ்சி, மோர், பருப்புத் தண்ணீர். அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு. இப்போது குழைவான உணவுக்கு வந்திருக்கிறேன்.

எனக்கு இரண்டு கவலைகள் உள்ளன. முதலாவது, முதல் மூன்று வாரம் எட்டிக்கூடப் பார்க்காத பசி இப்போது திரும்பிவிட்டது. நேற்று ஒரு கிண்ணம் குழைந்த தயிர் சாதம் எந்தத் தடையும் இன்றி இறங்கியது. பட்டை வேலை செய்யவில்லையோ என்று அஞ்சுகிறேன். இரண்டாவது, ஜூன் 6 அன்று நாத்தனார் மகளின் திருமணம், தியாகராய நகரில் ஒரு மண்டபத்தில். குடும்பத்தில் கணவரைத் தவிர வேறு யாருக்கும் நான் பட்டை பொருத்திக்கொண்டது தெரியாது. குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டதாகச் சொல்லிவைத்திருக்கிறோம். மணப்பெண்ணின் மாமி பந்தியில் உட்காராமல் இருக்க முடியாது, உட்கார்ந்தால் சாப்பிடாமல் இருக்க முடியாது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதினோரு வருடப் பட்டை | மே 5, இரவு 11.05

சகோதரிக்கு வணக்கம். அண்ணா நகர், வயது 58, பட்டைக்கு வயது 11. பசியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் பட்டை இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை.

பொருத்தும்போது பட்டையைப் பெரும்பாலும் காலியாகவோ மிகச் சிறிதளவு நீருடனோதான் விடுவார்கள். அதன் உட்புறம் காற்றடைத்த சைக்கிள் டியூபைப் போல ஒரு சிலிக்கோன் வளையம். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வயிற்றுச் சுவரின் தோலுக்கடியில் தைக்கப்பட்ட, போர்ட் எனப்படும் சிறு ஊசி வாயிலுக்கு வருகிறது. அறுவை முடிந்து ஏறத்தாழ ஆறு வாரம் ஆனபின், அந்தப் போர்ட்டில் ஊசி குத்திச் சலைன் (உப்பு நீர்) ஏற்றினால்தான் வளையம் உப்பி, மேலே உள்ள சிறு பைக்கும் கீழே உள்ள பெரிய இரைப்பைக்கும் இடையிலான வாய் குறுகும். முதல் மூன்று வாரம் பசிக்காததற்கு அறுவையால் ஏற்பட்ட வீக்கமும் ஒரு காரணம். வீக்கம் வடிந்தது, பசி வந்தது. இந்த இடைக்காலத்தில் பலர் மனம் தளர்ந்து, பணம் வீணாயிற்று என்று அழுதிருக்கிறார்கள். நானும் அழுதேன், அதுவும் கோயம்பேடு சிக்னலில், ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி.

ஆனால் தடை இல்லை என்பதற்காக இப்போது அளவை மீறாதீர்கள். பட்டையைச் சுற்றி இரைப்பைச் சுவரைத் தைத்திருப்பார்கள். அது ஆறி ஒட்டிக்கொள்ளும் காலம் இது. மூக்கு முட்டச் சாப்பிட்டு வாந்தி எடுத்தால் பட்டை இடம் நழுவும் ஆபத்து உண்டு.

சலைன் ஏற்றுவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதற்கென்றே ஹூபர் ஊசி என்று ஒன்று உண்டு. முனை வளைந்திருப்பதால் போர்ட்டின் ரப்பர் மூடியைத் துளைக்குமே தவிர, அதிலிருந்து துணுக்கு எதையும் வெட்டி எடுக்காது. ஐந்தாம் ஆண்டில், என் அறுவை மருத்துவர் வெளிநாட்டில் இருந்த சமயம், வீட்டருகே இருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் இதெல்லாம் ஒன்றுமில்லை என்று சாதாரண ஊசியால் குத்திவிட்டார்கள். நான்கு மாதத்தில் பட்டை தானாகத் தளர்ந்தது. பார்த்தால் போர்ட் கசிந்திருந்தது. போர்ட்டை மட்டும் மாற்ற இன்னொரு சிறு அறுவை. ஆகவே யார் ஊசியைக் கையில் எடுத்தாலும், அது எந்த ஊசி என்று கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

திருமணத்தைப் பற்றி நாளை எழுதுகிறேன், அது பெரிய கதை.

மயிலை மாடவீதி | மே 6, காலை 6.50

தவறாக எண்ண வேண்டாம், ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. இந்தக் காலத்தில் பட்டையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? லேப்ராஸ்கோபி வழியாகப் பட்டை பொருத்துவது 1993-இல் பெல்ஜியத்தில் தொடங்கியது. 2001-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.-இன் ஒப்புதல் கிடைத்ததும் அங்கும் பரவியது. அதன்பின் ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை) வந்து பட்டையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சென்னையில் இன்று எடைக்குறைப்பு அறுவை என்றால் பெரும்பாலும் ஸ்லீவ், அல்லது குடலின் பாதையை மாற்றும் பைபாஸ்தான். நானும் ஸ்லீவ்தான். பட்டை நழுவுதல், இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே இறங்குதல், மேலுள்ள பை விரிதல் என்று பின்னாளில் அதை எடுக்க நேர்ந்தவர்கள் ஏராளம். பொருத்தத் தெரிந்தவர்களே குறைந்துவரும்போது, பத்து ஆண்டு கழித்து உங்களுக்கு யார் ஊசி போடுவார்கள்?

அடையாற்றங்கரை | மே 6, காலை 8.15

நியாயமான கேள்விதான். இரைப்பையை வெட்டி எடுப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. பட்டையை எடுத்துவிட முடியும், குடலின் பாதை மாறாது, சத்து உறிஞ்சப்படுவதில் குறை வராது என்ற காரணங்களுக்காகத் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தேன். எடை மெதுவாகத்தான் குறையும் என்றும், வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை என்று எண்ணிக்கொள்ள வேண்டும் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். உள்ளே வைத்தாயிற்று ஐயா. இனி அதனுடன் வாழ்வது எப்படி என்பதை மட்டும் பேசலாமா?

தாம்பரம் டயட்டீஷியன் | மே 6, பிற்பகல் 2.30

உணவியல் துறையில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். உங்கள் மருத்துவக் குழு சொல்வதே இறுதியானது. கீழே எழுதுபவை அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளாகப் பயன்பட்டால் போதும்.

நம் ஊர்ச் சமையலில் பட்டைக்காரர்களுக்கு ஒரு விசித்திரமான சிக்கல் இருக்கிறது. உடலுக்கு நல்லது என்று நாம் கருதும் பல பொருள்கள் சிக்கிக்கொள்ளும்: நார் நிறைந்த முருங்கைக்காய், வாழைத்தண்டு, கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல், ஆறிப்போன சப்பாத்தி, மென்மையான ரொட்டி, உருண்டையாகத் திரளும் சாதம். மாறாக, பாயசமும் ஐஸ்கிரீமும் மில்க் ஷேக்கும் சர்க்கரை கலந்த காபியும் எந்தத் தடையும் இன்றி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். பட்டையை அளவுக்கு மீறி இறுக்கிக்கொள்பவர்கள் எடை குறைவதற்குப் பதில் கூடிப்போவதன் காரணம் இதுதான்: கெட்டியான உணவு இறங்காததால் வழுக்கும் இனிப்பின் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். எளிதாக இறங்கும் பொருளைத்தான் நீங்கள் ஐயத்துடன் பார்க்க வேண்டும்.

புரதம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 கிராம் என்பது பலர் வைக்கும் இலக்கு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் அதே அளவு. அசைவம் உண்பவரானால் குழம்பில் வெந்த மீன் மிக எளிது, கோழி நெஞ்சுக்கறி மிகக் கடினம். சைவமானால் பனீரை உதிர்த்து, பாசிப்பருப்பைக் கடைந்து, கொண்டைக்கடலையைத் தோல் நீக்கி மசித்து என்று கொஞ்சம் மெனக்கெட வேண்டும். தட்டில் முதலில் புரதம், பிறகு காய், மீதி இடமிருந்தால் சாதம். காலங்காலமாகச் சோற்றைக் குவித்து அதன் தலையில் குழம்பு ஊற்றிப் பழகிய கைக்கு, இந்த வரிசை மாற்றம்தான் அறுவையைவிடக் கடினம் என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ஆனால் இது அக்னி நட்சத்திரக் காலம். இடைப்பட்ட நேரங்களிலெல்லாம் மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டே இருக்காவிட்டால் தலைசுற்றல் வரும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவரானால் இன்னும் கவனம் தேவை. சோடா, குளிர்பானம் போன்ற வாயு நிறைந்தவை வேண்டாம்.

மாத்திரைகளைப் பற்றி யாரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பெரிய மாத்திரைகள் பட்டையில் தங்கிவிடும், எனவே பொடித்து விழுங்கலாம் என்று தோன்றும். ஆனால் சுகருக்கு இங்கே பெரும்பாலோர் எடுக்கும் மெட்ஃபார்மினில், மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகையைப் பொடிக்கவே கூடாது. சாதாரண வகையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். எடை குறையக் குறைய சுகர் மாத்திரையின் அளவும் குறைக்கப்பட வேண்டியிருக்கும், இல்லையெனில் சுகர் திடீரென இறங்கிவிடலாம். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

மூன்றாம் மாதத்தை ஒட்டி முடி கொட்டலாம். பெரும்பாலும் தானாக வளர்ந்துவிடும். எண்ணெய் மாற்றுவதால் பயனில்லை. புரதமும் இரும்புச்சத்தும் போதுமா என்று பாருங்கள்.

பதினோரு வருடப் பட்டை | மே 7, இரவு 10.10

பந்திக்கு வருகிறேன்.

பந்தியின் சிக்கல் உணவின் அளவு அல்ல, வேகம். நமது கல்யாணப் பந்தி கால்மணி அல்லது இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். இனிப்பு, கூட்டு, பொரியல், சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று ஒருவர் பின் ஒருவராக வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டே இருப்பார்கள், நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பட்டைக்காரனுக்கோ அரைக் கிண்ணம் உணவுக்கு இருபத்தைந்து நிமிடம் வேண்டும். சுண்டுவிரல் நகமளவு கவளம், கூழாகும்வரை மெல்லுதல், விழுங்கியபின் சற்றே காத்திருத்தல். பக்கத்தில் இருப்பவருடன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே மென்றதை மறந்து விழுங்கிவிட்டால் தீர்ந்தது கதை.

சிக்கினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு கல் உட்கார்ந்ததுபோல் இருக்கும். வாயில் நுரைத்த எச்சில் ஊறிக்கொண்டே வரும். விக்கல் வரும், சிலருக்கு மூக்கில் நீர் ஒழுகும். பிறகு சிக்கியது அப்படியே மேலே வந்துவிடும்; அது வாந்தி அல்ல, கீழே உள்ள பெரிய இரைப்பைக்கே போகாதது புளிப்பின்றித் திரும்பி வருகிறது. அந்த நேரத்தில் செய்யக் கூடாத ஒரே காரியம் தண்ணீர் குடித்து அதைக் கீழே தள்ள முயல்வது. அடைத்த வாய்க்காலில் மேலும் தண்ணீர் விடுவதைப் போன்றது அது. எழுந்து, நடந்து, பொறுத்திருக்க வேண்டும்.

எனக்கு முதல் ஆண்டில் நங்கநல்லூரில் ஒரு கல்யாணத்தில் பூரித் துண்டு சிக்கியது. நானும் உங்களைப்போல யாரிடமும் சொல்லாதவன். முகம் வெளிறியதைப் பார்த்து மாரடைப்பு என்று எண்ணி, ஒருவர் சோடா உடைத்து வாயில் ஊற்றினார், இன்னொருவர் முதுகில் குத்தினார். அன்று பட்ட பாட்டைப் பட்டை பொருத்திய நாளில்கூடப் படவில்லை. அதற்குப் பிறகுதான் வீட்டில் உண்மையைச் சொன்னேன்.

ஆகவே என் யோசனை இது. இலையில் எப்படி ஏமாற்றுவது என்ற தந்திரங்களை நான் நிறையச் சொல்ல முடியும்: மிக மெதுவாகச் சாப்பிடும் வயதானவர் பக்கத்தில் உட்காரலாம், முன்னதாகவே வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கடைசிப் பந்தியில் அமரலாம், அப்பளத்தை நொறுக்கி இலை நிறையப் பரப்பிச் சாப்பிட்டது போலக் காட்டலாம். (நொறுங்குவது என்பதால் அப்பளம் எனக்கு ஒருபோதும் சிக்கியதில்லை, சாதம் சிக்கியிருக்கிறது.) ஆனால் மண்டபத்தில் உங்களுக்கு அருகிலிருக்கும் ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும். கணவர் மணவீட்டார் என்பதால் ஓடிக்கொண்டிருப்பார், அவர் கணக்கில் இல்லை.

மயிலை மாடவீதி | மே 8, காலை 7.05

இதில் நான் முழுமையாக உடன்படுகிறேன். ஸ்லீவ் செய்த எங்களுக்கு உறவினர் வாயைச் சமாளிப்பதுதான் சிக்கல், உங்களுக்கு அவசர நிலையும் சேர்ந்துகொள்கிறது. முந்தைய பதிவில் சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா.

பெரம்பூர் லோகோ | மே 8, இரவு 9.45

பட்டை எனக்கல்ல, என் மனைவிக்கு; நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கூட இருப்பவன் சார்பில் கொஞ்சம் எழுதுகிறேன்.

அறுவைக்கு முன் அவள் அதிகம் சாப்பிடுகிறாள் என்று தட்டைப் பார்த்தவன் நான். அறுவைக்குப் பின் இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று மறுபடியும் தட்டைப் பார்த்தேன். ஒரு நாள் அவள், "இரண்டு காலத்திலும் நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை" என்றாள். அன்றிலிருந்து பார்ப்பதை விட்டேன் என்று சொன்னால் பொய், குறைத்துக்கொண்டேன்.

ஒரு முறை விருந்தொன்றுக்குப் பிறகு அவளுக்கு முழுவதுமாக அடைத்துக்கொண்டது, இரண்டு நாள் எச்சில்கூட இறங்கவில்லை. நாங்கள் தெருமுனையில் இருந்த கிளினிக்குக்குப் போய் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்தோம். பிறகு அறுவை மருத்துவரிடம் போனபோது அவர் எங்களைக் கடிந்துகொண்டார். தண்ணீரே இறங்கவில்லை என்றால் அதே நாளில் வந்து சலைனை வெளியே எடுக்க வேண்டுமாம். மேலும், பல நாளாக வாந்தி எடுத்த உடலில் தயமின் எனப்படும் பி1 வைட்டமின் தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம். எங்களுக்கு நல்ல நேரம், ஒன்றும் ஆகவில்லை. அன்று முதல் அவள் பணப்பையில் ஒரு சீட்டு இருக்கிறது: இரைப்பையில் பட்டை உள்ளது, எந்த வகை, எவ்வளவு மில்லி சலைன், எந்த மருத்துவர், குளுக்கோஸுக்கு முன் தயமின், மூக்கு வழியாகக் குழாய் செலுத்துவதற்கு முன் அறுவை மருத்துவரைக் கேட்கவும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி லேமினேட் செய்திருக்கிறோம்.

தாம்பரம் டயட்டீஷியன் | மே 9, காலை 10.20

லோகோ ஐயா சொன்ன சீட்டை ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டும். கூடுதலாக இரண்டு: போர்ட் இருக்கும் இடம் மாதங்கள் கழித்துத் திடீரெனச் சிவந்து சீழ் பிடித்தால் அது தோல் நோயாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, பட்டை உள்ளே அரிப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். படுத்தவுடன் இருமலும் நெஞ்செரிச்சலும் வந்தால் பட்டை அதிகம் இறுகியிருக்கலாம் அல்லது நழுவியிருக்கலாம். இரண்டையும் வீட்டு வைத்தியத்தில் கழிக்க வேண்டாம்.

அடையாற்றங்கரை | மே 21, மாலை 6.30

நேற்று முதல் முறையாகச் சலைன் ஏற்றினார்கள், 2 மில்லி. என் பட்டை 10 மில்லி வரை கொள்ளுமாம். ஹூபர் ஊசிதானா என்று கேட்டேன். செவிலியர் சிரித்துவிட்டு உறையைக் காட்டினார். எறும்புக் கடி அளவுதான் வலி. முடிந்ததும் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, அது இறங்குகிறதா என்று பார்த்த பிறகே வெளியே விட்டார்கள். இரண்டு நாள் நீராகாரம் மட்டும்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் ஒத்திகை பார்த்து, கடைசியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கையில் சொன்னேன். வயது 78, என்ன சொல்வார்களோ என்று கை நடுங்கியது. "அதான் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணினவ தினமும் எடை மெஷின்ல ஏறி நிக்கிறியேன்னு பாத்தேன்" என்றார்கள். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. இரவில் ராகிக் கூழை இரண்டு முறை வடிகட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். இதில் சர்க்கரை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, இருந்தது.

பதினோரு வருடப் பட்டை | மே 21, இரவு 9.00

பெரியவரிடம் சொன்னது நல்லது. சர்க்கரையைப் பற்றி அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம்.

அடையாற்றங்கரை | ஜூன் 7, இரவு 8.40

நேற்றுத் திருமணம் நன்றாக முடிந்தது. காலை மண்டபத்துக்குக் கிளம்புமுன் இரண்டு முட்டை சாப்பிட்டுவிட்டேன். பந்தியில் அத்தை எனக்கு இடப்புறம் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வாளி வரும்போதும் என் இலைமேல் தம் கையை நீட்டி, "இவளுக்கு நான் சொல்லுவேன், நீ போ" என்று அனுப்பினார்கள். கூட்டு மூன்று கரண்டி, கடைந்த பருப்பு, ரசத்தில் கரைந்த பிடி சாதம், அப்பளம் ஒன்று. ஒரு கட்டத்தில், போதும் என்ற உணர்வு வந்தது, நெஞ்சில் கல் எதுவும் இல்லை, மெதுவாக ஒரு கதவு சாத்தப்படுவதைப் போல. அதற்குப் பின் இலையில் இருந்ததை அப்படியே விட்டேன். பாயசம் வந்தபோது மட்டும் அத்தையின் கை சற்றுத் தயங்கியது. கல்யாணப் பாயசத்தை மறுக்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். இரண்டு ஸ்பூன் வாங்கிக்கொண்டேன், வழுக்கிக்கொண்டுதான் இறங்கியது.

சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருவர், "ஏன் ஒன்றுமே சாப்பிடவில்லை, சமையல் பிடிக்கவில்லையா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அத்தை, "வயித்துல பட்டை போட்டிருக்கா, சிலிக்கோன்" என்று பதில் சொல்லிவிட்டார்கள். அரை மணி நேரத்தில் மண்டபம் முழுவதும் செய்தி பரவியது. மூன்று பெண்கள் தனியாக வந்து எவ்வளவு செலவாயிற்று என்று கேட்டார்கள்.

இன்று எடை 95.8. ஆனால் மூன்று மணி நேரத்திலேயே மறுபடியும் பசிக்கிறது. அடுத்த முறை சலைன் ஏற்றச் சொல்லிக் கேட்கலாமா?

பதினோரு வருடப் பட்டை | ஜூன் 7, இரவு 10.30

மூன்று மணி நேரத்தில் பசி, எதுவும் சிக்கவில்லை, எடை மெதுவாகக் குறைகிறது. இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள இடமிருப்பதாகத்தான் தெரிகிறது, ஆனால் அளவை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஒரேயடியாக நிறையக் கேட்காதீர்கள். இரவில் படுத்தால் இருமல் வருகிறதா?

அடையாற்றங்கரை | ஜூன் 7, இரவு 10.42

இல்லை ஐயா. வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அத்தையும் வருகிறார்களாம், அந்த ஊசியைப் பார்க்க வேண்டுமாம்.